ஆல்ரெடி வந்த சேலை

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. இருந்தாலும் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் பொருளும், அதை எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு வலிக்கும் என்பதும், படித்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வார்த்தை ஆல்ரெடி.

மருமகள் வந்த பிறகுதான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண்தான். கோபமாக ஒரு சொல் பேசமாட்டாள். "கண்ணு, ரெண்டு இட்லி தின்னுபோட்டுப் போ" என்றால், "ஆல்ரெடி லேட்டுங்க அத்தை" என்பாள். "சாயங்காலம் காய் வாங்கியாரட்டுமா?" என்றால், "ஆல்ரெடி ஆர்டர் போட்டுட்டேனுங்க." ஒருநாள் கிழக்குத் தோட்டத்தை விற்கப் போவதாகக் காதில் விழுந்தது. அந்தத் தோட்டத்துக் கிணற்றுக்கு நான் மண் சுமந்திருக்கிறேன். "விக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆல்ரெடி பேசி முடிச்சாச்சுங்களே அத்தை. உங்க மகன் சொல்லலீங்களா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் அதன் பொருள் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. தமிழில் ஏற்கனவே என்று சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்கிறவர் முகம் கண்ணில் பட்டுவிடும். மனசு கொஞ்சம் இளகிவிடும். ஆல்ரெடியில் அந்த ஆபத்து இல்லை. சொல்கிறவர் எழுந்து நிற்கவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். நீ வருவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது, உன்னைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை, இனிப் பேசி ஒன்றும் ஆகப் போவதில்லை. இத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. அதற்கப்புறம் நான் போன இடமெல்லாம் அதுவே கேட்டது. ரேஷன் கடையில் பருப்பு ஆல்ரெடி தீர்ந்துவிட்டது. உக்கடத்தில் மூட்டு வலியோடு ஓடிப்போய்க் கேட்டால் பொள்ளாச்சி பஸ் ஆல்ரெடி போய்விட்டது. பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரின் தலைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆல்ரெடி டேமேஜ் ஆயிருக்குதுங்கம்மா" என்றார்.

வாங்கி வாங்கிப் புண்பட்டவள் ஒருநாள் திருப்பிக் கொடுக்காமல் இருக்கமாட்டாள். நான் கொடுத்தது என் நாத்தனாருக்கு.

அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டவள் நான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். "நங்கை, நங்கை" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். கெட்டிக்காரி. வீட்டுக்கு வருகிற பத்திரிகைகளை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவாள். படித்துவிட்டு, "இதையாச்சும் நீங்க படிக்கப் பழகக் கூடாதுங்களா நங்கை?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

அவளை என் தம்பிக்குப் பேசி முடித்தோம். முறைதான். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் வைத்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவனின் மகனோடு போய்விட்டாள். அவன் துடியலூர்ப் பக்கம் மோட்டார் பம்பு செய்கிற பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நம்ம சனம் இல்லை என்பது ஒரு பக்கம். பரம்பரையாக எங்கள் வாசலில் தூக்குச் சட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்த வீட்டுக்கு அவள் விளக்கேற்றப் போனாள். என் தம்பி அடித்து வைத்த பத்திரிகையை அடுப்பில் போட்டான். அதற்கப்புறம் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. குடித்துக் குடித்து, நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தான். அம்மா அப்பாவுக்கும் அப்புறம் என் பிறந்த வீடு என்று சொல்ல ஒரு கதவுகூட மிச்சமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். அது மேலே விழுந்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். அவள் மாடி வீடு கட்டியிருக்கட்டும், மகளைப் பெரிய படிப்புப் படிக்க வைத்திருக்கட்டும், கோடி வராவிட்டால் தெரு அவளை நாதியில்லாதவள் என்றுதான் சொல்லும். புருஷன் செத்தாலும் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குச் சேலை வரவேண்டும்.

நாத்தனாரின் புருஷன் செத்தபோது என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எங்க?" என்றேன். "ஒரு சேலை கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்தர்றேன்" என்றார். "போங்க. போயிட்டு அப்படியே அங்கயே இருந்துக்குங்க. இந்த ஊட்டுக் கதவு நான் பூட்டறது" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றைக்கு அந்தத் தெருவே காத்திருந்ததாம். பிறந்த வீட்டுச் சேலை வரும் வரும் என்று பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று நான் கூடுதலாக ஒரு கவளம் சாப்பிட்டேன். பொய் எழுத எனக்குத் தெரியாது.

அப்புறம் பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரரைப் பக்கவாதம் அடித்தது. வலப் பக்கம் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, கட்டிலோடு கிடந்தார். எப்படியோ செய்தி போயிருக்கிறது. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு கேட்டில் குரல் கேட்டது.

"ஏனுங்க நங்கை."

போனேன். அவள்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் ஒரு தூக்குப்போசி. துடியலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மெயின் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்திருக்கிறாள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணன் முழிச்சிட்டு இருக்காருங்களா?"

"ஆல்ரெடி தூங்கிட்டாரு" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சுளுவாக வந்தது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள்.

"நங்கைக்கு இங்கிலீசெல்லாம் வந்துருச்சே!"

"பின்ன? நீ மட்டுந்தான் படிச்சவளா?"

"அப்படிச் சொல்லலீங்க. சித்த நேரம் இருக்கறனுங்க. எந்திரிச்சதும் மூஞ்சிய ஒருக்காப் பாத்துப்போட்டுப் போயிர்றேன்."

"உக்கார எடமா இல்ல? உன்ற மாமனாரு தண்ணி கட்டுன வாய்க்கா அக்கட்டாலதான் இருக்குது. போய் அதும்மேல உக்காரு."

அவள் கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. விரலெல்லாம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். "இந்தக் கொள்ளு ரசத்தையாச்சும் வாங்கிக்குங்க. சின்ன வயசுல அண்ணனுக்குப் புடிக்கும்" என்றாள்.

"ஆல்ரெடி சாப்புட்டாரு."

போசியைக் கேட்டுத் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனாள். ரசத்தைத் தென்னை மரத்துக்கு ஊற்றினேன். போசியைப் புளி போட்டு விளக்கி, மறுநாளே ஆளிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வீட்டுப் பாத்திரம் என் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது.

உள்ளே வந்தபோது அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஆரு வந்தது?"

"கேஸ்காரன்."

 அப்புறம் அந்தக் கோணல் வாயால், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "கேஸ்காரன் அழுதானா?" என்று கேட்டார்.

"இல்ல. சிரிச்சான்" என்றேன். அது உண்மைதான்.

சாவதற்கு நாலு நாள் முன்னால் இடது கையால் என்னைக் கட்டிலோரம் கூப்பிட்டார். "அவளுக்குக் கோடி போட்டுரு" என்றார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். "நீயே கொண்டுபோய்ப் போடோணும். ஆள்கிட்டக் குடுத்தனுப்பக் கூடாது."

"அவ எனக்கு முன்னால போவாளாக்கும்?"

"போனா."

"சரிங்க" என்றேன்.

நான் சரி என்றால் அது சரிதான். என் வாயிலிருந்து விழுந்த சொல்லை நான் பொறுக்கி எடுத்ததில்லை. சேலை, நகை, நிலம் எதையும்விட எனக்கு அந்தப் பெருமைதான் பெரிது. அவருடைய சாவுக்கு அவள் வந்தாள். தெரு முனையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, உடம்பு போவதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாளாம். நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆகவில்லை. ஒருநாள் விடிந்து ஏழு மணி இருக்கும், மருமகளின் போனுக்கு அவள் மகள் கூப்பிட்டாள். அந்தப் பெண் காலேஜில் பாடம் நடத்துகிறவள். எனக்குக் கொடுக்கச் சொல்லி, "அத்தை, அம்மா விடியறதுக்கு முன்னால போயிருச்சுங்க. பதினோரு மணிக்கு எடுக்கறோமுங்க. மின் மயானத்துல அந்த நேரந்தான் குடுத்திருக்காங்க. வர்றதுன்னா வாங்க" என்றாள்.

கோடியைப் பற்றிக் கேட்பாள், கெஞ்சுவாள் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வைத்துவிட்டாள்.

கொண்டுபோய்ப் போடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் எந்த மணிக்குப் போடுவேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லையே. பிறந்த வீட்டுக் கோடி வராமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். நான் ஒரு மணிக்குப் போனால் ஒரு மணிக்கு எடுக்கட்டும். இரண்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு. என் தம்பியை ஆயுசு முழுக்கக் காக்க வைத்தவள், அந்தத் தெரு முழுக்கப் பார்க்க, எனக்காக ஒரு மத்தியானம் காத்துக் கிடக்கட்டும். ஈ மொய்க்கட்டும். அப்புறம் நான் காரிலிருந்து இறங்கிப் போய், அந்தத் தெருவில் ஒருத்தியும் கட்டியிராத சேலையை அவள்மேல் போடுவேன். இதுதான் என் நினைப்பு.

மருமகள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தாள். வீட்டிலிருந்து வெள்ளக்கிணறு வழியாகப் போனால் துடியலூர் அரை மணிகூட ஆகாது.

"டவுனுக்கு உடு" என்றேன்.

"அத்தை, துடியலூர் இக்கட்டால இருக்குதுங்க."

"எனக்குத் தெரியும். ஒப்பணக்காரத் தெருவுக்குப் போ. சேலை எடுக்கோணும்."

"இங்கயே கடை இருக்குதுங்களே. ஆல்ரெடி மணி ஒம்பது."

"அந்தக் கடைச் சேலைய நீ கட்டிக்க. கோடி இல்லாம எப்படி எடுப்பாங்க? மெல்ல ஓட்டு."

கடையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு நாற்பது சேலையாவது விரிக்கச் சொல்லியிருப்பேன். கடைக்காரர் விரித்து விரித்துச் சலித்து, "வீட்டுல விசேசமுங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமா, விசேசந்தான்" என்றேன். மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அரக்கு நிறத்தில், சன்னச் சரிகை ஓடிய பட்டு ஒன்றை எடுத்தேன். நெருப்புக்குப் போகிற சேலைக்கு அது அதிகம்தான். தெரு பார்க்க வேண்டுமே.

அப்புறம் ஒரு காபி குடித்தேன். சூடு ஆறும்வரை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். "உக்கடம் குளத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு, அந்த வழியா ஒரு சுத்துப் போ" என்றேன். மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. கரையோரம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம். அவள் போன் அடித்தது.

"அவங்கதானுங்க அத்தை."

"எடுக்காத."

மூன்று தடவை அடித்து நின்றது. என் மடியில் சேலைப் பை கனமாக, இதமாக இருந்தது. சந்தோஷம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

துடியலூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. தெருவில் சாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிய ஈரம். அந்த ஈரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

நாத்தனாரின் புருஷனுக்கு மூத்த அக்கா ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் பருத்தி எடுக்க வந்தவள். என்னைக் கண்டால் தலைச் சும்மாட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். இப்போது உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். எழவில்லை.

"வாங்கம்மா. இப்பத்தான் வர்றீங்களா? ஆல்ரெடி எடுத்துட்டாங்களே."

"எடுத்துட்டாங்களா? கோடி?"

"அதான் விடியக்காலமே உங்க ஊட்டுல இருந்து வந்துருச்சுங்களே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசாரச் சொன்னாள்: "பச்சையில கட்டம் போட்ட நெகமம் சேலை. நான்தானுங்க மேல போத்துனேன். எவ்வளவு லட்சணமா இருந்துச்சு தெரியுங்களா? உங்களுக்கு முட்டி வலி, வர முடியல, கார்ல குடுத்து உட்டிருக்கீங்கன்னு புள்ள சொல்லுச்சு. எங்க தம்பி போனப்ப ஒண்ணும் வரல. நாங்களுந்தான் வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டோம். மனசுல வச்சுக்காதீங்கம்மா. பெரிய ஊடு பெரிய ஊடுதானுங்க."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். நான் என்ன சொல்வது? அது நான் அனுப்பியது இல்லை என்று சொன்னால், அனுப்பாத வீடு என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். நான் கொண்டுவந்ததுதான் இது என்று பையைத் திறந்து காட்டினால், போர்த்துவதற்கு உடம்பு இல்லை. வாயை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அந்த வீட்டில் நான் குடித்த முதல் தண்ணீர்.

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. அதை மட்டும் நான் மறக்கவில்லை.

நாத்தனாரின் மகள் உள் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் அம்மணி, ஊரை ஏமாத்தறதா? எந்தச் சேலை அது? எவ குடுத்தது?"

"அம்மாவே வாங்குனதுங்க அத்தை."

"எப்போ?"

"அப்பா காரியம் முடிஞ்ச கையோட வாங்கிருச்சுங்க. அன்னிக்கு உங்க ஊட்டுல இருந்து சேலை வரலீங்க இல்ல? தெருவே பேசுச்சு. பதினாறு நாள் வாயத் தொறக்கல. அப்புறம் ஒருநாள் காலைல உக்கடத்துல பஸ் ஏறி நெகமத்துக்குப் போயிருச்சு. இந்தச் சேலைய எடுத்துட்டு வந்து பீரோவுல அடியில வச்சுது. 'என்ற ஊட்டுல இதத்தான் கட்டுவாங்க. நான் போனா, நங்கை குடுத்து உட்டாங்கன்னு சொல்லி மேல போட்டுரு'ன்னு சொல்லுச்சுங்க."

"பொய் சொல்லிக் கோடி போட்டுக்கிட்டா உங்கம்மா."

"ஆமாங்க." அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "நான்கூடச் சொன்னேன். மாமா அத்தைகிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு, அத்தை வருவாங்கன்னு. அதுக்கு அம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'வருவாங்க. சொன்னாச் சொன்னபடி நங்கை வருவாங்க. ஆனா நேரத்துக்கு வரமாட்டாங்க.' "

நான் நின்றேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். அவள் வெளியே நின்றுகொண்டே என்னை உள்ளும் புறமுமாகப் படித்திருக்கிறாள். சடை பின்னிவிட்ட காலத்துச் சிரிப்பு என் காதில் விழுந்தது. இதையாச்சும் நீங்க படிக்கப் பழகக் கூடாதுங்களா நங்கை.

"போன் பண்ணுனேனுங்க" என்றாள் அவள். "வழியில இருக்கீங்கன்னா மயானத்துல கேட்டுப் பத்து நிமிசம் தள்ளி வைக்கலாம்னுதான் பண்ணுனேன். மூணு தடவ. நீங்க எடுக்கலீங்க."

 பையை நீட்டினேன். "இந்தா. இதையும் வச்சுக்க. உன்ற மாமனுக்கு வாக்குக் குடுத்தது."

அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். பட்டை விரலால் தடவினாள். நல்ல சேலைதான், அவளுக்கும் தெரிந்தது. அப்படியே மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு ஆல்ரெடி போட்டாச்சுங்க. நீங்களே வச்சுக்குங்க அத்தை. உங்களுக்குத்தானுங்க கொண்டு வர்றதுக்கு ஆளில்ல."

இரண்டு பேச்சுக்கும் ங்க வைத்துத்தான் பேசினாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டில் நான் அவள் அம்மாவிடம் பேசியதைவிடப் பத்து மடங்கு மரியாதை. அவளை அறையலாம் போல இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லாததால் கை எழவில்லை.

திரும்பி வரும்போது பை என் மடியில் இருந்தது. வெள்ளக்கிணறு தாண்டியதும் மருமகள்தான் மெல்ல, "அத்தை, பில்லு இருக்குதுங்க. ஏழு நாளைக்குள்ள குடுத்தா வேற மாத்திக்கலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

சேலையைப் பையோடு என் பீரோவில் அடித் தட்டில் வைத்தேன். அவர் இருந்திருந்தால் போட்டாயா என்று கேட்டிருப்பார். போட்டேன் என்று சொல்ல முடியாது. என் ஆயுசில் நான் சொல்லித் தவறிய சொல் அது ஒன்றுதான்; அதையும் நான் தவறுவேன் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாள் ஒருத்தி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் ஓடிப்போனதைக்கூட ஒரு மாதிரி விட்டுவிடுவேன்.

போன மாதம் மருமகள் பீரோவை ஒழித்துத் துடைத்தாள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். பூச்சி உருண்டை போட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். போட்டுவிட்டும் நகரவில்லை.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. நாளைக்கு ஒறம்பரை சனமெல்லாம் வந்து நின்னுட்டு, பொறந்த ஊட்டுக் கோடி எங்கன்னு கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?"

கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் வேறு யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்?

"ஆல்ரெடி வந்துருச்சுன்னு சொல்லு."

"ஆரு கொண்டாந்தாங்கன்னு கேப்பாங்களே?"

"தம்பி கொண்டாந்தான்னு சொல்லு."

"அவருதான் இல்லீங்களே அத்தை."

"போறதுக்கு முன்னாலயே எடுத்துக் குடுத்துப்போட்டுப் போனான்னு சொல்லு" என்றேன். "பில்லை மட்டும் கிழிச்சுப்போடு. அதுல தேதி இருக்குது."